அயல்நாட்டு மாணவரின் ஞாயிற்றுக்கிழமைகள்

விழா மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, புணரியலைப் பற்றியோ யாப்பைப் பற்றியோ ஒரு கட்டுரை வரைந்து அனுப்பிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். தமிழாசிரியன் ஒருவனிடம் பிறர் எதிர்பார்ப்பது அதுவன்றோ? ஆனால் அதே வாரத்தில் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து நின்று, "சேர், நீங்கள் வெளிநாட்டில் படித்தீர்களாமே, விடுமுறை நாட்களில் அங்கே எங்கெங்கே போனீர்கள்?" என்று வினவினான். மணி அடித்துவிட்டமையால் அன்று விடை கூற இயலவில்லை. அவனுக்குச் சொல்லவேண்டிய விடையையே ஈண்டு எழுதுகின்றோம். இலக்கணத்தை எதிர்பார்த்த பெரியோர் பொறுத்தருள்வாராக.

வெளிநாடு என்றதும் இலண்டனையோ மெல்போணையோ எவரும் எண்ணிவிட வேண்டா. யாம் சென்றது திருச்சிராப்பள்ளிக்கு. லிந்துலையில் ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து, எம் கல்லூரி அன்னையின் மடியிற் கற்று, கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றுச் சான்றிதழுடன் வெளியேறிச் சில ஆண்டுகள் கற்பித்த பின்பும், எம் உள்ளத்தில் ஒரு கூச்சம் இருந்துகொண்டே வந்தது. காவிரி என்று கரும்பலகையில் எழுதுவோம், காவிரியைக் கண்டதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சிறப்பினைக் குரலுயர்த்திக் கூறுவோம். படத்திலன்றி அதனை அறியோம். இக்குறை தீர்தற்பொருட்டு 2010ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சம்பளமற்ற விடுமுறை பெற்று, ஓராண்டுத் தமிழ்ப் படிப்பொன்றிற் சேர்ந்தோம். செலவுக்கு அப்பாயியின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது.

அப்பாயிக்கு அப்பொழுது எண்பது வயது கடந்திருந்தது. அவர் லிந்துலையிலேயே பிறந்தவர். எனினும் அவரை ஈன்ற தாய் சிறுமியாயிருந்தபோது கங்காணி ஒருவருடன் கடல் கடந்து வந்தவர். பயணத்திற்கு முந்திய இரவு அடுப்பங்கரையிற் குந்தியிருந்து, "தோடு கிடக்கட்டும் அய்யா. போறதுதான் போறே, எங்கம்மா பொறந்த ஊரைப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். ஊரின் பெயர் யாது என்று கேட்டோம். பெயர் அவருக்குத் தெரியாது. துறையூர்ப் பக்கம் என்பது மட்டுந் தெரியும். பெயருக்குப் பதிலாக அவர் தாய் சொல்லிவைத்த மூன்று அடையாளங்களைத் தந்தார்: திண்ணையிலிருந்து பார்த்தாற் பெருமாள்மலை தெரியும், ஊர் முகப்பிற் பெரிய புளியமரம் நிற்கும், ஏரிக்கரையில் அய்யனார் குதிரைமேல் இருப்பார். இம்மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புறப்பட்டோம்.

திருச்சிராப்பள்ளியில் எம் முதற் கடமை காவல்துறையினரிடம் அயல்நாட்டவராகப் பதிவு செய்துகொள்வதாயிருந்தது. வந்து பதினான்கு நாளுக்குள் அதனைச் செய்தல் வேண்டும். படிவங்களை வாங்கிப் பார்த்த அலுவலர் நல்ல மனிதர். "தமிழ் இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, யாழ்ப்பாணமா?" என்றார். "இல்லை ஐயா, தேயிலைத் தோட்டம்" என்றோம். "அங்கேயும் தமிழர் இருக்கிறார்களா? எப்படிப் போனார்கள்?" என்று வியப்புடன் கேட்டார். "இங்கிருந்துதான் போனார்கள் ஐயா" என்றோம். அவர் சிறிது நேரம் எம்மை நோக்கிவிட்டு, நாட்டினம் என்ற இடத்தில் இலங்கை என்று எழுதி முத்திரையிட்டார். அவர் எழுதியது பிழையன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அரை நூற்றாண்டுக்கு மேல் அலைந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பே எஞ்சியோரும் முழுமையாகப் பெற்ற பெயரன்றோ அது! அதனை அந்த ஏட்டிற் கண்டபோது எமக்குப் பெருமையே உண்டாயிற்று. ஆனால் அப்பெருமையின் அடியில் இனம் புரியாத ஒரு வலியும் இருந்தது என்பதை மறைத்தல் தகாது.

சனிக்கிழமை நண்பகலோடு வகுப்புக்கள் முடியும். ஞாயிறு முழுவதும் எமதே. இரவு ஒன்பது மணிக்கு விடுதியின் கதவு மூடப்படும். வெளியூரில் இரவு தங்கக் கையிற் பொருளுமில்லை. ஆதலின் விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் திரும்பக்கூடிய ஊர்களே எம் எல்லைக்குள் அடங்கின. விடுதிச் சமையற்காரரிடம் முதல்நாளே சொல்லி வைத்தாற் புளிச்சோறு கட்டித் தருவார். அதனையும் தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் செல்வோம். வெயிலுக்குக் குடை பிடிக்கும் வழக்கத்தை அங்கேதான் கற்றோம். எம் ஊரில் குடை மழைக்கு மட்டுமே உரியது. பெரும்பாலும் எம்முடன் வந்தவர் மலேசிய நாட்டு நண்பர் ஒருவர். அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்திற் கப்பலேறி மலாயாவின் இறப்பர்த் தோட்டத்திற்குச் சென்றவர். இறப்பரின் பேரனும் தேயிலையின் பேரனும் ஒரே பஸ்ஸில் அருகருகே அமர்ந்து சோழநாடு காணச் சென்றோம்.

முதன்முதற் காணச் சென்றது காவிரியை. அந்தோ! சிறீரங்கத்துப் பாலத்தில் நின்று நோக்கினால் கரைக்குக் கரை மணல். ஆடுகள் ஆற்றின் நடுவே நடந்து சென்றன. அதே வாரம் லிந்துலையில் தென்மேற்குப் பருவமழை ஓயாமற் பெய்து, ஓடைகளெல்லாம் நுரைத்தோடி மகாவலியை நோக்கி விரைந்துகொண்டிருந்திருக்கும். மேட்டூர் அணை திறந்தால் நீர் வரும் என்று அருகில் நின்றவர் ஆறுதல் கூறினார். வந்தது, ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் பெண்கள் மஞ்சளும் பூவும் இட்டு வழிபட்டதைக் கண்டோம். பின்னொரு ஞாயிறு கல்லணைக்கும் சென்று, கரிகாலன் பெயரால் வழங்கும் அவ்வணையின்மேல் நடந்தோம். ஆயினும் எம் நினைவில் ஆழப் பதிந்தது அம்முதல் நாளின் மணலே. அதன் பொருள் பின்னரே விளங்கிற்று.

திருச்சிராப்பள்ளியைப் பற்றி யாம் முன்னர் அறியாத செய்தி ஒன்றை ஒரு நாள் நூலகத்திற் படித்தோம். தோட்டங்களுக்கு ஆட்சேர்ப்பதற்காகத் தோட்டத் துரைமார் 1904ஆம் ஆண்டிலே தோற்றுவித்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையகம் இந்நகரிலேயே இருந்ததாம். எம் முன்னோரை அனுப்பிவைத்த நகருக்கே யாம் கல்வி தேடி வந்திருக்கின்றோம்! அன்று முதல் அந்நகரத் தெருக்களில் நடக்கும்போது எம் நடை சற்று மெதுவாயிற்று.

அவ்வாண்டுப் புரட்டாசியில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டு விழா நடந்தது. கூட்டத்திற்கு அஞ்சி, விழா முடிந்த பின்னர் ஒரு ஞாயிறு அங்குச் சென்றோம். விமானத்தின் உயரத்தைக் கண்டு வியவாதார் யார்? யாமும் வியந்தோம். ஆனால் எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை கற்சுவரிலுள்ள எழுத்துக்கள். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் கட்டளையிட்டான். கோயிலுக்கு வருவாய் தந்த ஊர்களின் வரிசையில் ஈழமண்டலத்து ஊர்களும் உண்டு. அதனினும் வியப்பானது ஒன்று. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். அவருள் ஒவ்வொருவர் பெயரும், அவர் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு அவருக்குரியது என்பதும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. வழிகாட்டி ஒருவர் சில பெயர்களைப் படித்துக் காட்டினார்.

வெயிலிற் சூடேறிய அத்தரையில் நின்றபடியே எம் உள்ளம் லிந்துலைக்குச் சென்றுவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் மாற்றப்பட்ட பெண்களுக்கு ஊரும் பேரும் வீட்டிலக்கமும் இன்றும் உள்ளன. நூறாண்டுக்குள் ஊர் மாற்றப்பட்ட எம் கொள்ளுப்பாட்டிக்கு ஊர்ப் பெயர் இல்லை. செக்றோலிற் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதுவும் எழுதியவர் காதில் விழுந்தவாறு. அந்த ஏடுகள் எவ்விடத்தில் மக்கிப் போயினவோ! 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை கோரியபோது எம் பாட்டனார் காட்டுதற்குத் தக்க பத்திரம் இல்லாமையால் அவர் விண்ணப்பம் தள்ளப்பட்டது என்று அப்பாயி சொல்லக் கேட்டிருக்கின்றோம். எழுதப்படாத பெயர் எவ்வளவு பெரிய கேட்டைத் தரும் என்பதை எம் குடும்பம் அறியும். பெயரெழுதிய சுவரின் முன் நின்றபோது அது இன்னும் தெளிவாயிற்று.

மலேசிய நண்பரின் கதை வேறு. அவர் தம் பாட்டனார் ஊரை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். அவ்வூர் முசிறிக்கு அண்மையில் இருந்தது. பாட்டனார் ஆண்டுதோறும் பணம் அனுப்பியபோது வந்த பதிற் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தமையால், மேல்விலாசம் கிடைத்தது. யாமும் உடன் சென்றோம். பங்காளிகள் கட்டியணைத்துக்கொண்டனர்; சேவலொன்று உயிர் நீத்தது; வாழையிலையில் விருந்து நடந்தது. மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நண்பர் எம்மை நோக்கி, "உங்கள் ஊரையும் கண்டுபிடித்துவிடலாம்" என்றார். அவர் ஒரு பழங் கடிதத்தை வைத்துக்கொண்டு சொன்னார். யாம் ஒரு புளியமரத்தை வைத்துக்கொண்டு கேட்டோம்.

துறையூருக்கு ஓராண்டில் மூன்று முறை சென்றோம். முதன்முறை ஆனி இறுதியில்; மற்றைய இரண்டும் மார்கழியிலும் மாசியிலும். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஊரை நெருங்கும்போதே பெருமாள்மலையும் அப்பாற் பச்சைமலைத் தொடரும் தோன்றும். அப்பாயி சொன்ன அடையாளங்கள் மிகச் சரியானவை. குறை ஒன்றே: அவை எல்லா ஊருக்கும் பொருந்தின. திண்ணையில் அமர்ந்தால் எவ்வூரிலும் பெருமாள்மலை தெரிந்தது. புளியமரம் இல்லாத ஊர் இல்லை. அய்யனார் இல்லாத ஏரிக்கரையும் அரிது. தேர்ந்து தேர்ந்து ஈற்றில் மூன்று ஊர்கள் எஞ்சின. ஒவ்வோர் ஊரிலும் முதியோரைக் கேட்டோம். "கண்டிக்குப் போனவர்களா? வீட்டுக்கு வீடு போனார்கள் தம்பி, யாரென்று சொல்வது?" என்றே மூன்று ஊராரும் விடையிறுத்தனர். நண்பரின் ஒளிப்படக் கருவியால் மூன்று ஏரிகளையும் படம் பிடித்துக்கொண்டோம். வேறு செய்வதறியோம்.

மூன்றாம் முறை திரும்புகையில், துறையூர்ப் பஸ் நிலையத்தருகே சிறு தேநீர்க் கடையொன்றில் நின்று, நினைவின்றி எம் ஊர் வழக்கிலேயே, "ஒரு பிளேன்டீ" என்றோம். தமிழ்நாட்டில் அச்சொல்லை அவ்வாறு வழங்குவாரில்லை. அடுப்பின்முன் நின்ற பெரியவர் திரும்பி எம்மை உற்று நோக்கினார். வாய் பேசாமற் சாயத் தேநீர் வடித்து, சீனியைக் கலக்காமல், ஒரு துண்டுக் கருப்பட்டியைத் தனியே தட்டில் வைத்து நீட்டினார். கடித்துக்கொண்டு குடிப்பதற்கு!

"எந்தத் தோட்டம் தம்பி?" என்றார்.

லிந்துலை என்றோம். அவர் கை நடுங்கிற்று. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவராம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவும் மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. அந்த ஐந்தேகால் இலட்சத்தில் அவரும் ஒருவர். இருபது வயதில், புதுமணமான மனைவியோடு, தலைமன்னாரிற் கப்பலேறி வந்தார். மண்டபம் முகாமிற் சில நாள். பின்னர் தொழிற் கடன். அதில் ஒரு கடை. அக்கடை நட்டமாகி மற்றொரு கடை. பலர் நீலகிரிக்குச் சென்று, தாயகம் திரும்பியோருக்கென்று அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கப் புகுந்தனர். அவர் மட்டும் பாட்டனார் மண் என்று துறையூரைத் தேடி வந்தார். வந்த இடத்தில் உறவென்று கூற எவருமில்லை. நாற்பது ஆண்டாகியும் ஊரார் அவரைச் சிலோன்காரர் என்றே அழைக்கின்றனராம்.

"அங்க இந்தியாக்காரன்னாங்க, இங்க சிலோன்காரன்ங்கிறாங்க" என்று சிரித்தார். பிறகு கேள்விமேற் கேள்வியாக அடுக்கினார். நானுஓயாவில் அந்தப் பனி இன்னும் விழுகிறதா? பிரட்டுக்களத்துத் தப்பு இன்னும் அடிக்கிறார்களா? காமன் கூத்து நடக்கிறதா? எமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் சொன்னோம். பஸ் புறப்படும் ஒலி கேட்டது. அப்பொழுதுதான் தாம் கேட்க விரும்பியதைக் கேட்டார்.

"மாஸ்டர், எங்கம்மாவை அங்கதான் பொதைச்சோம். கப்பலுக்கு மூணு மாசம் இருக்கப்ப செத்துப்போச்சு. மயானத்துல பெரிய பாறைக்குக் கீழே, சுத்திக் கல்லு வச்சிருப்பேன். கார்த்திகைக்கு ஒரு விளக்கு வச்சிருவீங்களா?"

யாம் எம்மவர் ஊரைத் தேடி அங்குச் சென்றோம். அவர் தம்மவர் ஊரை எம்மிடம் ஒப்படைத்தார். தோட்டத்தின் பெயரையும், டிவிசனையும், லயத்தின் இலக்கத்தையும், அன்னையார் பெயரையும், தம் தொலைபேசி இலக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதச் செய்தார். அப்பாயியின் மூன்று அடையாளங்கள் இருந்த அதே பக்கத்தின் அடியில் எழுதிக்கொண்டோம்.

படிப்பு முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன், விடுதித் தலைவரிடம் தனி அனுமதி பெற்று, இரவுப் புகையிரதத்தில் இராமேசுவரம் சென்றோம். 1914ஆம் ஆண்டு திறந்த பழைய பாம்பன் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து சென்றது, இருபுறமும் கடல். அப்பாலத்திற் புகையிரதப் போக்குவரத்து 2022ஆம் ஆண்டோடு நின்று, 2025ஆம் ஆண்டில் அருகே புதுப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. எம் கொள்ளுப்பாட்டி சென்ற அதே இரும்பின்மேல் யாம் சென்றோம் என்னும் நினைவு எமக்குப் போதும். தனுட்கோடிக்கு அக்காலத்தில் நல்ல சாலை இல்லை. வாடகை வண்டியொன்று மணலில் குலுங்கிக் குலுங்கி எம்மைக் கொண்டு சேர்த்தது. 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தின்று மிச்சம் வைத்த புகையிரத நிலையச் சுவரும், கூரையிழந்த மாதா கோயிலும் அங்கே நின்றன. ஒப்பந்தம் கைச்சாத்தான ஒக்டோபருக்குப் பின் இரண்டு மாதம் கூட முடியாமுன், போன வழியையே கடல் அழித்துவிட்டது. வந்தவர்கள் வேறு வழியாக, இராமேசுவரத்தில் வந்திறங்கினார்கள்.

திரும்பும் வழியில் மண்டபம் முகாமின் வாயிலருகே சிறிது நேரம் நின்றோம். தோட்டத்திற்குப் போவோரை நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த இடம் அது. ஒப்பந்தத்தின்பின் அதே இடம் திரும்பி வந்தோரைத் தாங்கிற்று. 1980களிற்குப் பின் போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளைத் தாங்கிற்று. அவருள் மலையக வழிவந்தோரும் பலர். யாம் அயல்நாட்டவர்; உள்ளே செல்ல அனுமதியில்லை. வேலிக்கு அப்பால் ஒரு சிறுமி குடத்தில் நீர் சுமந்து சென்றாள். எம் கொள்ளுப்பாட்டியும் அவ்வயதில்தான் அங்கே இருந்திருப்பார். இதற்குமேல் அதனை விரித்தெழுத எமக்கு இயலவில்லை.

2011ஆம் ஆண்டு வைகாசியில் ஊர் திரும்பினோம். அப்பாயி கட்டிலில் இருந்தபடியே, "ஊரு கிடைச்சுதா அய்யா?" என்றார். பொய் கூற மனமில்லை. மூன்று ஊர்கள் பொருந்துகின்றன, எதுவென்று துணிய முடியவில்லை என்று சொல்லி, படங்களைக் கையிற் கொடுத்தோம். ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுசென்று பார்த்தார். இரண்டு ஏரிகள் நீர் நிரம்பி வானத்தைக் காட்டின. மூன்றாவது ஏரியிற் சொட்டு நீரில்லை. வெடித்த சேற்றில் ஒரு மாடு நின்றது. அப்பாயியின் விரல் அதன்மேல் நின்றது.

"இதுதான்" என்றார்.

"எப்படித் தெரியும் அப்பாயி?"

"தண்ணி இருந்திருந்தா எங்கம்மா ஏன்யா இங்க வந்திருக்கும்?"

அந்த ஏரியை யாம் ஆனி மாதத்திற் படம் பிடித்தோம். மற்றைய இரண்டையும் மழைக்குப் பின் பிடித்தோம். வேறுபாடு பருவத்தினுடையதேயன்றி ஊரினுடையதன்று. ஆயினும் அதனை அவரிடம் கூறவில்லை. யாம் ஓராண்டு தேடியும் விடை காணாத வினாவிற்கு அவர் நொடிப்பொழுதில் விடை கண்டார். அவ்விடையில் உண்மையும் இருந்தது. முதல் ஞாயிறு காவிரியிற் கண்ட மணலின் பொருளும் அன்றே எமக்கு விளங்கிற்று. அப்படம் அவர் தலைமாட்டில் ஒட்டப்பட்டது. இரண்டு ஆண்டின்பின் அவர் மறைந்தபோது அதனை அவருடனேயே வைத்தோம்.

அவ்வாண்டுக் கார்த்திகை விளக்கீட்டன்று அக்கரப்பத்தனைப் பக்கம் சென்றோம். பெரியவர் சொன்ன டிவிசன் இருந்தது, பாறையும் இருந்தது. மயானத்தில் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. லயத்து இளைஞர் இருவர் கத்தியுடன் வந்து புல்லை வெட்டி உதவினர். பாறையின்கீழ் கல் சூழ்ந்த சமாதி ஒன்றன்று, மூன்று தென்பட்டன. எதுவென்று எவரும் அறியார். எமக்கு நகைப்பும் துயரமும் ஒருங்கே வந்தன. மூன்றுக்கும் விளக்கேற்றினோம். காற்றுக்கு அணையாதிருக்கும்படி அவ்விளைஞர்கள் கற்களை அடுக்கி மறைப்புக் கட்டினார்கள். அன்றிரவு துறையூருக்குத் தொலைபேசியில், மன்னிப்புக் கேட்கும் குரலில் நடந்ததைச் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "பரவால்ல மாஸ்டர், மூணும் நம்ம ஆளுகதானே" என்றார்.

மாணவ, இதுவே நீ கேட்ட வினாவிற்கு விடை. வெளிநாட்டிற் கோபுரங்களைக் கண்டோம், ஆற்றைக் கண்டோம், கடலைக் கண்டோம். ஆனால் அங்குக் கற்றது ஒன்றே: எழுதி வையாத பெயர் மூன்று தலைமுறையில் ஒரு புளியமரமாகிவிடும், புளியமரம் எல்லா ஊரிலும் நிற்கும்.

அன்று முதல் ஆண்டுதோறும் தைப் பொங்கல் விடுமுறைக்கு எம் வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். வீட்டு முதியோரை அமர்த்தி, பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்தம் பெற்றோர் ஆகியோரின் பெயரையும், பிறந்த ஊரையும், வாழ்ந்த தோட்டத்தையும், அடக்கஞ் செய்த இடத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வருதல் வேண்டும். பிழையிருப்பினும் திருத்துவதில்லை, புள்ளி இடுவதுமில்லை. அக்கொப்பிகள் பாடசாலை நூலகத்தின் ஓர் அலுமாரியை இன்று நிரப்பியுள்ளன. அவற்றுட் சில பக்கங்களில் ஊர் என்ற இடம் வெறுமையாகவே இருக்கின்றது. தோட்டமும் லயமும் அடக்கஞ் செய்த இடமும் மட்டும் எப்பக்கத்திலும் வெறுமையாயில்லை. எம்மவரின் ஊர் இப்பொழுது எதுவென்று அவை கூறுகின்றன.

கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் எம் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழாவிற்கு வரும்போது கட்டட நிதிக்குத் தருவன தருக. அதனோடு, உங்கள் வீட்டில் இன்னும் ஒரு பாட்டி இருப்பாராயின், இம்மலரை மூடி வைத்துவிட்டு இன்று மாலையே அவரருகிற் சென்று அமர்க. பேனாவும் தாளும் கையில் இருக்கட்டும். அத்தாளின் படியொன்றை எம் அலுமாரிக்கு அனுப்பி வைப்பீராயின், அதனினும் பெரிய நன்கொடையை யாம் வேண்டோம்.

வாழ்க எம் கல்லூரி அன்னை!